ஓர் 'அம்மாள்' குறைந்ததால் நின்றுபோன ஓய்வூதியம்

முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றின் மண்டலக் கூட்டம் கடந்த ஞாயிறன்று வேலூரில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை பக்கமிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். காலனிகளிலிருந்து வந்த பட்டாளத்துக் குடும்பங்களும் நிறைய. அவர்களோடு நாமும் போயிருந்தோம்.

மேடையில் கொடி வணக்கமும் பொன்னாடைகளும் முடிய ஒரு மணி நேரம் ஆனது. உண்மையான கூட்டம் மண்டபத்தின் பின்பக்கம், நாலைந்து மேசைகளைச் சுற்றித்தான் இருந்தது. மருத்துவத் திட்ட அட்டைக்கு ஒரு மேசை, கல்வி உதவித்தொகைக்கு ஒன்று. 'ஸ்பர்ஷ்' என்று எழுதி ஒட்டிய மேசையில்தான் வரிசை வாசல்வரை நீண்டது. முன்பு படைவீரர் ஓய்வூதியம் வங்கிக் கிளை வழியாக வந்தது. இப்போது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறையில் நேரடியாகக் கணக்கில் போடுகிறது. பழைய காலத்தில் வங்கி மேலாளருக்கு முகம் தெரியும். கணினிக்கு எழுத்துதான் தெரியும்.

வரிசையில் நின்ற ஒரு பாட்டியின் கணவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்து பதினான்கு மாதம் ஆகியும் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. காரணம், படைப் பதிவேட்டில் பாட்டியின் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' இருக்கிறது, ஆதாரில் இல்லை. பிறந்த ஆண்டும் மூன்று வருடம் இடிக்கிறது. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், ரேஷன் அட்டை, பழைய கல்யாண போட்டோ.

இது எப்படி நடந்தது என்பதை மேசையில் இருந்த ஓய்வுபெற்ற கிளார்க் ஹவில்தார் விளக்கினார். கல்யாணம் முடித்து லீவிலிருந்து திரும்பும் சிப்பாய், மனைவி பெயரைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் 'பார்ட் டூ ஆர்டர்' என்று பெயர். தமிழ் தெரியாத எழுத்தர், காதில் விழுந்தபடி எழுதுவார். பிறந்த தேதி கேட்டால் சிப்பாய் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வார். பள்ளிச் சான்றிதழ் இருந்திருந்தால் சரிபார்த்திருக்கலாம். அந்தக் காலத்தில் நம் காலனியில் எத்தனை பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்? படிக்க விடாத கணக்கு, ஐம்பது வருடம் கழித்து ஓய்வூதியத்தில் வந்து நிற்கிறது.

"கவலப்படாதம்மா, ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட் போட்டுடலாம்" என்றார் ஹவில்தார். நோட்டரி பிரமாணப் பத்திரம், டிஸ்சார்ஜ் புத்தக நகல், ஆதார், வங்கிப் புத்தகம், இறப்புச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலக உதவி இயக்குநர் வழியாகப் பெங்களூரு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். பாட்டியின் மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஓய்வுபெற்ற படைவீரர் உயிரோடு இருக்கும்போதே, ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். படிக்கிற பிள்ளைகள் இந்த ஒரு வேலையைத் தாத்தாவுக்குச் செய்து கொடுக்கலாம்.

மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர்களுக்குப் பட்டாளத்தில் 'தம்பி' என்றே பெயர். 1780-ல் தொடங்கிய படை அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள் என்பதைப் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. 1880-களில் மெட்ராஸ் படையின் தளபதியாகவும் பிறகு இந்தியப் படைத் தலைவராகவும் இருந்த லார்டு ராபர்ட்ஸ், போர்க்குணம் உள்ள இனங்கள் என்று சிலவற்றைப் பிரித்தார். தென்னாட்டார் அதில் இல்லை. மெட்ராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பயனியர் படையை 1933-ல் கலைத்தார்கள். மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் இதே கதிதான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளி ஆசிரியர். மகனுக்குக் கல்வியின் ருசி அந்த வீட்டில்தான் கிடைத்தது. அடைபட்ட அந்தக் கதவு இரண்டாம் உலகப் போர் வந்தபோது திறந்தது. 1941-ல் மகர் ரெஜிமென்ட் பிறந்தது. அதற்கு அம்பேத்கரும் குரல் கொடுத்தவர். வேலூர் மணிக்கூண்டைக் கடக்கிறவர்கள் ஒருமுறை நின்று அங்குள்ள கல்வெட்டைப் பாருங்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று இருக்கும்.

மதியம் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிரியாணி நன்றாகவே இருந்தது. நம் பக்கத்து இலைக்காரர் ஓய்வுபெற்ற சுபேதார். ஊரில் சாதிக்காரர்கள் தன் வீட்டு வாசலுக்கு வருவது கேன்டீன் பாட்டில் கேட்கும் நாளில் மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. சென்ற ஆண்டு அவருடைய அப்பா இறந்தபோது, சுடுகாட்டுக்குப் பொதுத்தெரு வழியாகப் பாடையைக் கொண்டுபோக விடவில்லை. லடாக்கில் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டவர், நெல் நட்ட வயலில் முழங்கால் சேற்றில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

பிற்பகல் அமர்வில் அவர் இதை எழுந்து சொன்னார். மேடையில் இருந்த ஒருவர், "சார், யூனிஃபார்முக்குச் சாதி கிடையாது. இந்த மேடையில அந்தப் பேச்சு வேணாமே" என்றார். யூனிஃபார்முக்குச் சாதி இல்லைதான். ஆனால் சுபேதார் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே ஊருக்கு வந்தார்? கொஞ்ச நேரம் சலசலப்பு. கடைசியில் பின்வரிசையிலிருந்து வேறு சாதியைச் சேர்ந்த ஒரு ஹவில்தார் எழுந்தார். இருவரும் ஒரே யூனிட்டாம். "அண்ணன் அப்பாவுக்கு வழி இல்லேன்னா அது நம்ம சங்கத்துக்கு அவமானம். பெட்டிஷன் எழுதுங்க, முதல் கையெழுத்து என்னுது" என்றார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். மேடையில் தடுத்தவரும் கடைசியில் போட்டார். கொஞ்சம் தயங்கித்தான்.

சுடுகாட்டையோ பொதுப்பாதையையோ பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015 திருத்தம் இதைப் பிரிவு 3(1)-ல் வெளிப்படையாகவே சேர்த்தது. 2016 ஜனவரி 26 முதல் அமலில் உள்ளது. மனுவில் இந்தப் பிரிவையும் குறிப்பிடச் சொன்னோம், சேர்த்துக்கொண்டார்கள்.

தேநீர் நேரத்தில் கல்லூரி மாணவர்கள் சிலர் ஹவில்தார்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்னிவீரராகச் சேரலாமா என்பது கேள்வி. நாலு வருடச் சேவை, அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரம். மற்றவர்களுக்கு ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. பழைய முறையில் 15 வருடம் முடித்த சிப்பாய்க்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் வந்தது. நம் காலனிகளில் முதல் மாடிவீடும் முதல் பட்டதாரியும் பெரும்பாலும் அந்தப் பணத்தில் வந்தவை. பண்ணையாரிடம் கைகட்டி நிற்காமல் இருக்க முடிந்ததும் அதனால்தான். ஆகவே 'தேசப்பற்று இருந்தால் யோசிக்கக் கூடாது' என்று ஒருவர் சொன்னதை நாம் ஏற்கவில்லை. யோசிக்கத்தான் வேண்டும். சேர்கிறவர்கள் நாலு வருடத்துக்குள் பட்டப்படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் முடித்துவிடுவது நல்லது என்று ஒரு ஹவில்தார் சொன்னார். ஒரு மாணவர் உடல்தகுதித் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறார். அவருடைய அம்மா மட்டும், "நாலு வருசம் கழிச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுடுகாட்டுப் பாதை மனுவை வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கப்போகிறார்கள். பாட்டியின் உறையைப் பதிவுத் தபாலில் அனுப்பும் பொறுப்பை அவருடைய பேத்தி, பிளஸ் டூ மாணவி, ஏற்றுக்கொண்டிருக்கிறார்.