உங்களுக்குத் தெரியுமா? ஏழு கிலோ பையும் கிழக்கு வாசலும்

(அந்தமானிலிருந்து கிழக்கே பறக்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் துணுக்குகள்)

இரண்டுக்கும் நடுவே

போர்ட் பிளேயரிலிருந்து சென்னை, வான்வழியே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். கோலாலம்பூர் ஏறத்தாழ 1,400. கிட்டத்தட்ட சரிபாதியில் நிற்கிறது தீவு. தாய்லாந்தின் புக்கெட்டோ அந்தத் தூரத்தில் பாதிதான். ஆனாலும் அந்தமான்காரர் ஒருவர் புக்கெட் போக வேண்டுமென்றால், முதலில் மேற்கே மெயின்லேண்ட் வந்து, அங்கே விமானம் மாறி, வந்த கடலையே மறுபடி தாண்டிப் போவதுதான் பல காலமாக இருந்த வழி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதை இதைவிடத் துல்லியமாக வரைபடத்தில் காட்ட முடியாது.

முதல் விமானம்

2024 நவம்பர் 16 அன்று கோலாலம்பூரிலிருந்து ஏர் ஏசியா விமானம் ஒன்று போர்ட் பிளேயரில் வந்து இறங்கியது. தீவுக்கு வந்த முதல் நேரடிச் சர்வதேசப் பயணிகள் சேவை என்று அதைக் கொண்டாடினார்கள். பழைய ஆட்கள் இங்கே ஒரு சின்ன அடிக்குறிப்பு போடுவார்கள்: ஒரு காலத்தில் கல்கத்தாவிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானமே வழியில் ரங்கூனில் இறங்கி ஏறித்தான் வந்தது. உள்நாட்டு டிக்கெட்டில் வெளிநாட்டு மண்!

உல்லாசப் பயணிகளை நம்பி ஓடும் தடங்களுக்கு ஒரு குணம் உண்டு. சீசனுக்குத் திறப்பார்கள், கூட்டம் குறைந்தால் நாட்களைக் குறைப்பார்கள், சில சமயம் நிறுத்தியும் விடுவார்கள். ஆகவே போன வருஷம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அட்டவணையை நம்பி லீவு போட்டுவிடாதீர்கள்.

பெயர் மாறியது, எழுத்து மாறவில்லை

2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஆனால் விமான டிக்கெட்டில் வரும் மூன்றெழுத்துக் குறியீடு இன்றும் ஐ.எக்ஸ்.இசட்தான். தேடும்போது புதுப் பெயர் வரவில்லையென்றால் பழைய பெயரைப் போடுங்கள், அதுவும் வராவிட்டால் அந்த மூன்றெழுத்தைப் போடுங்கள். மதுரைக்காரர்களுக்கு இந்தக் குறியீடு பழகியதாகத் தோன்றினால் ஆச்சரியமில்லை. மதுரை ஐ.எக்ஸ்.எம்.

ராஜேந்திரன் போன வழி

ஸ்ரீ விஜயபுரம் என்ற புதுப் பெயரில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை கிழக்கே போய் அடித்தது ஸ்ரீவிஜயப் பேரரசை. அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்லும் வெற்றிப் பட்டியலில் 'மாநக்கவாரம்' என்று நிக்கோபாரும் இருக்கிறது, கடாரமும் இருக்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. சோழர் கடற்படையை நினைவுகூர்ந்து வைத்த பெயர் என்கிறது அரசு. அப்படிப் பார்த்தால் ஊருக்குக் கிடைத்திருப்பது ஜெயித்தவன் பெயரல்ல, தோற்ற பேரரசின் பெயர். ஆட்சேபம் ஒன்றுமில்லை, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு ரிங்கிட் கம்பெனி

நமக்கு அறிமுகமில்லாத விமானக் கம்பெனி என்றால் முதலில் வரும் கேள்வி, 'யாருடையது?' ஏர் ஏசியா 1996இல் பறக்கத் தொடங்கிய மலேசியக் கம்பெனி. நஷ்டத்தில் மூழ்கிக் கிடந்த அதை 2001 செப்டம்பரில் டோனி பெர்னாண்டஸ் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கினார். விலை மலேசியப் பணத்தில் ஒரே ஒரு ரிங்கிட். கூடவே சுமார் 4 கோடி ரிங்கிட் கடன். அமெரிக்காவில் இரட்டைக் கோபுரம் விழுந்த அதே மாதம். உலகமே விமானம் ஏறப் பயந்த நேரத்தில் இரண்டே விமானங்களை வைத்துக்கொண்டு மலிவு டிக்கெட் விற்கக் கிளம்பினார். பெர்னாண்டஸின் தந்தை வழிப் பூர்வீகம் நம் கோவா.

இரண்டெழுத்து ஜாதகம்

ஏர் ஏசியா என்பது ஒரே கம்பெனி அல்ல. விமான எண்ணின் முன்னால் இருக்கும் இரண்டெழுத்தைப் பாருங்கள். ஏ.கே. என்றால் மலேசியாவில் பதிவான கம்பெனி, எஃப்.டி. என்றால் தாய்லாந்து, கியூ.இசட். என்றால் இந்தோனேசியா. டி7 என்றிருந்தால் அது ஏர் ஏசியா எக்ஸ் பெயரில் 2007இல் தொடங்கிய நெடுந்தூரப் பிரிவு. பெயிண்ட் ஒன்று, பணிப்பெண்ணின் சிவப்பு உடுப்பும் ஒன்று, உரிமம் வேறு வேறு. தகராறு வந்தால் எந்த நாட்டு விதி செல்லும் என்பதை முடிவு செய்வதில் இந்த எழுத்துக்கும் பங்கு உண்டு. நம் ஊரில் ஓடிய ஏர் ஏசியா இந்தியாவோ இப்போது இந்தக் குடும்பத்திலேயே இல்லை. டாடாவிடம் போய், பெயர் மாறி, 2024இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு கலந்துவிட்டது.

ஏழு கிலோ

உள்நாட்டு விமானத்தில் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோ இலவசம். அந்தப் பழக்கத்தில் போகிறவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். மலிவு விமானத்தின் அடிப்படை டிக்கெட் என்பது ஓர் இருக்கைக்கும் ஏழு கிலோ கைப்பைக்கும் மட்டும். ஏர் ஏசியா வைத்திருக்கும் அளவு 56க்கு 36க்கு 23 சென்டிமீட்டர். கூடவே ஒரு சின்னப் பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டும் சேர்ந்துதான் ஏழு கிலோ. இந்த 'சேர்ந்து' என்ற சொல்லைப் படிக்காமல் விட்டவர்களை விமான நிலைய வரிசையில் சுலபமாக அடையாளம் காணலாம். இரண்டு சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர் என்று போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நிற்பார்கள்.

பெட்டிக்கான பணத்தை டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிட்டால் ஒரு விலை, கவுண்டரில் போய்க் கட்டினால் வேறு விலை. இரண்டாவது விலையைக் கேட்டால் டிக்கெட்டே பரவாயில்லை என்று தோன்றும்.

கொப்பரை

நிக்கோபாரின் பெரிய விளைபொருள் தேங்காய், அதிலிருந்து கொப்பரை. மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரருக்கு நாலு கொப்பரை எடுத்துப் போகலாமே என்று தோன்றும். கூடாது. எண்ணெய்ப் பசை உள்ள கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. ஐ.நா.வின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் அதற்கு 1363 என்று தனி எண்ணே இருக்கிறது, வகை 4.2, 'தானே பற்றிக்கொள்ளும் பொருள்'. பெயிண்ட், பெட்ரோல் எல்லாம் இருக்கும் அதே பட்டியல். பரணில் அப்பாவியாகக் கிடக்கும் சாமான்!

கடற்கரையில் பொறுக்கியது

பவளத்துண்டு, செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும், எடுக்கக்கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு. ஸ்கேனரில் தெரிந்துவிடும். கடையில் வாங்கிய சிப்பிச் சாமானுக்கு பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

சிப்பிக்குள்ளே

சிப்பி என்றதும் நினைவுக்கு வருகிறது. விமான நிலையத்தின் புது முனையமே சிப்பி வடிவம்தான். 2023 ஜூலை 18இல் திறந்தார்கள். சுமார் 710 கோடி ரூபாய், 40,800 சதுர மீட்டர், ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைத் தாங்கும் கொள்ளளவு. ஆனால் ஓடுதளம் கடற்படையுடையது. ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் என்ற தளத்தின் ஓரத்தில்தான் நம் பயணிகள் முனையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுதளத்தின் கதை இன்னும் பழையது, இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்த ஜப்பானியர் போட்டதிலிருந்து தொடங்குகிறது. ராணுவத்தளம் என்பதால் ஜன்னல் வழியே செல்பி, ரீல்ஸ் எல்லாம் மேலே போனபிறகு.

ஒரு முனையில் மேடு இருப்பதால் விமானங்கள் ஒரே பக்கமாக இறங்கி, அதே பக்கமாகவே ஏறிப் போவது வழக்கம். காற்று முதுகுப் பக்கமிருந்து பலமாக வீசினால் சிக்கல். மழைக்காலத்தில் 'இறங்க முடியாமல் திரும்பிவிட்டது' என்ற செய்தி விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைன் டீக்கடைகளுக்குப் புதிதல்ல.

போன நேரத்துக்கே வந்து சேருவது

கோலாலம்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பறக்கும் நேரமும் ஏறக்குறைய இரண்டரை மணிதான். எனவே போகும்போது காலையில் ஏறினால் அங்கே பிற்பகல். வரும்போதோ, ஏறிய நேரத்துக்கே வந்து இறங்கிவிடுகிறீர்கள். தீவுக்கு இதில் ஒரு தனி மனக்குறையும் உண்டு. சூரியனைக் கேட்டால் போர்ட் பிளேயர், இந்திய நேரத்தைவிட ஏறக்குறைய முக்கால் மணி முன்னால் இருக்க வேண்டிய ஊர். காலை ஐந்துக்கு விடிந்து, மாலை ஐந்தரைக்கு இருட்டுகிறது.

கடலடிக் கம்பியும் போர்டிங் பாஸும்

மலிவு விமானங்கள் தங்கள் வேலையில் பாதியைப் பயணியின் தலையிலேயே கட்டிவிடும். செக்-இன் நீங்களே செல்போனில் செய்ய வேண்டும். கவுண்டரில் செய்யச் சொன்னால் அதற்கும் கட்டணம் கேட்கிற கம்பெனிகள் உண்டு. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும் என்ற அந்தமானின் பழைய இன்டர்நெட்டில் இது நடந்திருக்குமா? 2020 ஆகஸ்ட் 10இல் சென்னையிலிருந்து தீவுகளுக்கு 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி வந்தபிறகுதான் நிலைமை மாறியது.

நீண்ட பயணமா? பி.என்.ஆர். எத்தனை?

கோலாலம்பூரோடு நிற்காமல் சிட்னி, பெர்த், டோக்கியோ என்று போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முழுப் பயணத்தையும் இணைப்புப் பயணமாக ஒரே புக்கிங்கில், அதாவது ஒரே பி.என்.ஆர். எண்ணில், எடுத்திருந்தால், பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனி பொறுப்பு. நூறு ரிங்கிட் மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால், கதை வேறு. நீங்கள் மலேசியக் குடியேற்ற வரிசையில் நின்று வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி புதுப் பயணிபோல செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் அவ்வளவுதான். அதை விற்றவருக்கு நீங்கள் 'வராத பயணி', அவ்வளவே. இரண்டும் ஒரே பெயர் எழுதிய விமானமாக இருந்தாலும் சரி.

தனித்தனியாகத்தான் எடுப்பேன் என்றால், இடையில் ஒரு ராத்திரி விடுவது நல்லது. போர்ட் பிளேயர் மழையை நம்பி மூன்று மணி நேர இடைவெளி வைப்பது சூதாட்டம்.

ஓசியில் கிடைக்கும் அட்டை

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தச் சலுகையை 2026 முடியும்வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே நுழைகிறவர்கள் டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம். 'சேவைக் கட்டணம்' கேட்கிற தளத்தில் நிரப்பிக்கொண்டிருந்தால், நீங்கள் தவறான கடையில் நிற்கிறீர்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு

2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்கு 15 பேருக்குத் தாய்மொழி தமிழ். மலேசியத் தமிழர் ஒருவர் இங்கே வந்தால் போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரில் பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது. ஆனால் அவர் கையில் இருப்பது வெளிநாட்டு பாஸ்போர்ட். 1963 ஆணை ஒன்று இந்தத் தீவுகள் முழுவதையும் வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாட்டுப் பகுதியாக்கி, வரச் சிறப்பு அனுமதி வேண்டும் என்றது. 2018இல் மக்கள் வாழும் சுமார் 30 தீவுகளுக்கு இந்தச் சிறப்பு அனுமதி தேவையில்லை என்று தளர்த்தினார்கள்; பாகிஸ்தான், சீனா, ஆப்கானிஸ்தான் நாட்டவருக்கு அந்தத் தளர்வு கிடையாது. கார் நிக்கோபார் போன்ற பழங்குடிப் பகுதிக்குப் போக நமக்கே தனி பாஸ் வேண்டும்.

ஐந்து மணி நேரம்

மலேசிய விதிப்படி விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால், போகவே வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். 2024 செப்டம்பர் 2 முதல், பணம் கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள் அது திரும்பி வர வேண்டும். கூப்பன், கிரெடிட் என்று சமாளிக்கக் கூடாது. பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இது மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியாவும் மலேசியாவும் அதில் உண்டு. புகாரை விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்த புகார்களில் பாதி எழுதப்படுவதே இல்லை.

அந்தமான் ஏர்வேஸ்?

2000களின் தொடக்கத்தில் 'ஏர் அந்தமான்' என்றே ஒரு விமானக் கம்பெனி இருந்தது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது தாய்லாந்துக் கம்பெனி. அவர்கள் பக்கத்துக் கடலுக்கும் பெயர் அந்தமான்தானே.

பங்க் கிளாஸும் தேங்காய்ப் பாலும்

போர்ட் பிளேயரின் ஹாடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பல் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டிரங்குப் பெட்டி, அரிசி மூட்டை, கட்டிய பாய், மூன்று நாளைக்கான புளிசாதம். பங்க் கிளாஸ் என்ற மலிவு வகுப்பில் எடை பார்த்து யாரும் அதட்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மலிவு விமானத்தில் பெரிய அதிர்ச்சி பையல்ல, சாப்பாடு. வெளிச்சாப்பாட்டை உள்ளே பிரிக்க விடாத கம்பெனிகள் பல. ஏர் ஏசியா தன் சாப்பாட்டுப் பிரிவுக்கு வைத்திருக்கும் பெயர் 'சாந்தான்', மலாய் மொழியில் தேங்காய்ப் பால். அதில் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, காரச் சம்பல்: நாசி லெமாக். முன்கூட்டியே புக் செய்தால் விலை குறைவு. அம்மா கட்டிக்கொடுத்த மீன்குழம்பு டப்பாவை மட்டும் லம்பா லைனிலேயே காலி செய்துவிட்டு உள்ளே போங்கள். குழம்பும் திரவக் கணக்கில்தான் வரும், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.