புதினா கருகுதா? மண்ணைத் திட்டாதீங்க, தண்ணியைப் பாருங்க!

கடையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு, தண்டைத் தொட்டியில் குத்திவைப்பது திருப்பூர் லைன் வீடுகளில் சாதாரணக் காட்சி. பத்துப் பதினைந்து நாளில் துளிர்க்கும். அடுத்த மாதம் இலை ஓரம் பழுப்பாகி, நுனி கருகி, தொட்டி காலியாகும். 'நமக்குக் கைராசி இல்லை' என்று விட்டுவிடுகிறார்கள். கைராசியை விடுங்கள். சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள், போர்வெல் தண்ணீர்.

கொங்குப் பக்கம் உப்புத் தண்ணீருக்குச் 'சப்பைத் தண்ணி' என்று பெயர். குழாயில் வரும் ஆற்று நீர் 'நல்ல தண்ணி'. நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. சப்பைத் தண்ணி துவைக்க, குளிக்க. இந்தப் பங்கீட்டில் செடிக்குக் கிடைப்பதும் சப்பைத் தண்ணிதான்.

உப்பு எங்கிருந்து வந்தது?

பாறைப் பாங்கான இந்தப் பூமியின் நிலத்தடி நீரில் இயல்பாகவே ஓரளவு உப்பு உண்டு. மீதிக் கதை பனியனோடு சேர்ந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு வேண்டும். சலவை, சாயப் பட்டறைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையே சாயக் கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாத பட்டறைகளே மீண்டும் இயங்கலாம் என்ற நிலை அதன் பிறகு இறுகியது. ஆனால், ஏற்கெனவே நிலத்துக்குள் இறங்கிய உப்பு, கோர்ட் உத்தரவைப் பார்த்து வெளியேறிவிடாது!

ஒரு சின்னக் கணக்கு. குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 2,000 உள்ள தண்ணீரைத் தினமும் அரை லிட்டர் ஊற்றினால், நாளைக்கு 1 கிராம் உப்பு தொட்டிக்குள் போகிறது. மாதத்துக்கு 30 கிராம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கும். சுற்றிலும் உப்பு கூடக் கூட வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். அதுவும் சப்பைத் தண்ணி!

தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளைப் பூப்பு படிந்திருக்கிறதா? அதுதான் அறிகுறி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் எண்ணையே காட்டிவிடும்.

என்ன செய்யலாம்?

அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் இரண்டும் பெரும்பாலும் நல்ல தண்ணிதான். உப்பும் சோப்பும் சேராதவரை அன்றன்றே தொட்டிக்கு ஊற்றலாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டாம். உள்ளே போனதைவிட அதில் உப்பு அதிகம்.

மழைநீர்தான் சரியான மருந்து. 100 சதுர அடி தகரக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு டிரம் பிடித்துவைத்தால் போதும், கொசு போகாமல் பனியன் துணியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். தொட்டியின் அடி ஓட்டை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாதம் ஒருமுறை கீழே வழியும் அளவுக்கு மழைநீரை ஊற்றினால் சேர்ந்த உப்பு கரைந்து வெளியேறும்.

செடியைத் தேர்ந்தெடுப்பதும் பாதி வேலை. புதினா, கொத்தமல்லிக்குத் தினமும் ஈரம் வேண்டும், நல்ல தண்ணி இருந்தால் மட்டும் வையுங்கள். கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை இரண்டும் தண்ணீரை இலையிலேயே சேமிப்பவை. குறைவாக ஊற்றினால் போதும், உப்பும் குறைவாகவே சேரும். கற்பூரவல்லிக்கு விதைகூட வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கிளை கேட்டு ஒடித்து நட்டால் வந்துவிடும்.

காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பும் 'ஒன்றரை ஷிப்ட்' ஆட்களுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? இங்கே திருப்பூரின் சொத்தே கைகொடுக்கும்: கட்டிங் வேஸ்ட். 2 லிட்டர் பாட்டிலை இரண்டாக வெட்டி, மேல் பாதியைத் தலைகீழாகக் கீழ்ப் பாதிக்குள் வைத்து மண் நிரப்ப வேண்டும். பாட்டில் வாய் வழியே ஒரு துணிக் கீற்றைத் திரியாகத் தொங்கவிட்டால், கீழே இருக்கும் தண்ணீரை அது மெல்ல மேலே இழுக்கும். சுத்தப் பருத்தி சீக்கிரம் மக்கிவிடும், பாலியஸ்டர் கலந்தது தாங்கும். இதற்குச் சப்பைத் தண்ணி கூடவே கூடாது, உப்பு முழுக்க மேல் மண்ணில் வந்து உட்கார்ந்துவிடும்.

கஷாயம் எதுவரை?

கற்பூரவல்லி இலையில் பஜ்ஜி போடலாம். சளி பிடித்தால் நாலு இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் பழக்கம்தான், தொண்டைக்கு இதமாக இருக்கும். அவ்வளவுதான் அதன் எல்லை.

பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்களுக்கு, குறிப்பாக ஸ்பின்னிங் மில்லில் இருப்பவர்களுக்கு, லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு வாங்கினால், அது 'பிசினோசிஸ்' என்ற நுரையீரல் நோயின் ஆரம்பமாக இருக்கலாம். கஷாயம் அதைக் குணமாக்காது. இஎஸ்ஐ கார்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனையும் அவசியம், அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.