எஞ்சினின் தலையெழுத்து

திருச்சி ஜங்ஷனில் வண்டி லேட் என்றால் டீயைக் குடித்துவிட்டு பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்து பாருங்கள். டீசல் எஞ்சின் ஏதாவது உறுமிக்கொண்டு நிற்கலாம். அதன் உடம்பில் ஐந்து இலக்க எண் ஒன்று, கூடவே ‘டபிள்யூ.டி.பி.-4டி’ என்றொரு குறியீடு, கொஞ்சம் தள்ளி ‘ஜி.ஓ.சி.’ என்று மூன்றெழுத்து. ஆயிரம் தடவை கண்ணில் பட்டிருக்கும். நின்று படித்தவர்கள் குறைவு.

மூன்றெழுத்து சுலபம். ஜி.ஓ.சி. என்றால் கோல்டன் ராக், நம்ம பொன்மலை. எஞ்சின் பிறந்தது வாரணாசியாக இருக்கலாம், ஓடுவது ஆந்திராவிலாக இருக்கலாம்; மராமத்துக்கு பொன்மலை ஷெட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். ஈரோட்டுக்கு இ.டி., எர்ணாகுளத்துக்கு இ.ஆர்.எஸ்.

குறியீட்டில்தான் கதை இருக்கிறது. முதல் எழுத்து பாதையின் அகலம்: பிராட்கேஜுக்கு டபிள்யூ, மீட்டர்கேஜுக்கு ஒய், இரண்டரை அடி குறும்பாதைக்கு இசட், டார்ஜிலிங் மாதிரி இரண்டடிப் பாதைக்கு என். அடுத்த எழுத்து எரிபொருள். டி என்றால் டீசல். மூன்றாவது வேலை. பி பயணிகளுக்கு, ஜி சரக்குக்கு, எஸ் ஷண்டிங்குக்கு, எம் பயணிகள், சரக்கு இரண்டுக்கும்.

டபிள்யூ ‘வைடு’ என்பதன் முதலெழுத்து, சரி. மீட்டருக்கு எதற்கு ஒய்? மீட்டரும் கெஜமும் கிட்டத்தட்ட ஒரே நீளம், கெஜத்துக்கு ஆங்கிலத்தில் ‘யார்டு’, அதனால் ஒய் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெள்ளைக்காரன் காலத்து நீராவி எஞ்சின்களில் பிராட்கேஜின் எழுத்து எக்ஸ், எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., எக்ஸ்.சி. என்று ஓடின. எக்ஸ், ஒய், இசட் என வரிசையாகத்தான் பாதைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1947-இல் டபிள்யூ.பி. என்ற புது நீராவி எஞ்சின் வந்தபோது எக்ஸ் இடத்தில் டபிள்யூ உட்கார்ந்துகொண்டது. ஒய்யும் இசட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

எண்ணுக்கு வருவோம். அதை நம்பினால் ஏமாறுவோம். 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து 2,600 குதிரைத்திறன் எஞ்சின் வந்தது. அதற்கு முன்பே டபிள்யூ.டி.எம்.-1 இருந்ததால் இது டபிள்யூ.டி.எம்.-2. அதே சமயம் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினும் வந்து டபிள்யூ.டி.எம்.-4 ஆனது. அதற்கும் 2,600 குதிரைத்திறன்தான். ஆக, 2, 4 என்பதெல்லாம் வரிசை எண். பலத்தோடு சம்பந்தமே இல்லை. தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க ஆல்கோ சம்மதித்ததால் 1964 முதல் வாரணாசியில் டபிள்யூ.டி.எம்.-2 தயாரானது. கூட்ஸையும் இழுக்கும், எக்ஸ்பிரஸையும் இழுக்கும். தனித்தனி எஞ்சின் வாங்க வசதியில்லாத நாட்டுக்கு அந்த ‘எம்’ தோதாக அமைந்தது. 1969-இல் ஆல்கோ எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டது, வாரணாசி நிறுத்தவில்லை.

2000-க்குப் பிறகுதான் எண்ணுக்கும் பலத்துக்கும் முடிச்சுப் போட்டார்கள். இலக்கம் ஆயிரங்களைச் சொல்லும், பின்னால் வரும் எழுத்து நூறுகளை: ஏ என்றால் நூறு, பி என்றால் இருநூறு. அதன்படி டபிள்யூ.டி.எம்.-2சி பெயர் மாறி டபிள்யூ.டி.எம்.-3ஏ ஆயிற்று, 3,100 குதிரைத்திறன், கணக்குச் சரி. பழைய டபிள்யூ.டி.எம்.-2 பெயர் மாறாமல் தப்பித்தது. டபிள்யூ.டி.எம்.-3டி வந்ததும் கணக்கு உதைத்தது. சூத்திரப்படி 3,400 இருக்க வேண்டும், இருப்பது 3,300. டபிள்யூ.டி.பி.-4பி 4,200 இல்லை, 4,500. நம் பிளாட்பாரத்து 4டி-யும் 4,500தான். 4பி-க்கு கேபின் ஒரு பக்கம் மட்டும். நீண்ட மூக்கு முன்னால் வரும்படி ஓட்ட நேர்ந்தால், லோகோ பைலட் அந்த மூக்கைத் தாண்டி எட்டிப் பார்த்துத்தான் சிக்னல் பிடிக்க வேண்டும். 4டி-க்கு இரு முனையிலும் கேபின் உண்டு. அங்கே டி-யை ‘டூயல்’ என்று படித்தால்தான் பொருந்தும். விதியை ஒழுங்காகப் போட்டுவிட்டு முதல் பத்து வருஷத்திலேயே அதை மீறுவது நம் ஆபீஸ்களுக்கு ஒன்றும் புதிதில்லை.

இப்போது பிராட்கேஜ் முழுக்கக் கம்பி இழுத்தாகிவிட்டது என்றே சொல்லலாம். நடுவில் டீசல் எஞ்சின்களையே மின்சார எஞ்சினாக மாற்றி டபிள்யூ.ஏ.ஜி.சி.-3 என்று பெயரிட்டார்கள். அந்த இடத்தில் ‘சி’ எந்த அட்டவணையிலும் இல்லாதது.

பழைய எழுத்துகளை நேரில் பார்க்க ஆசையிருந்தால் குன்னூர் போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரம் பிடித்து ரயிலைத் தள்ளிக்கொண்டு வரும் நீராவி எஞ்சின் அங்கே கழன்றுகொள்ள, ஊட்டி வரை டீசல் எஞ்சின் கொண்டுபோகிறது. நீராவி எஞ்சினின் வகை எக்ஸ். டீசல், ஒய்.டி.எம்.-4. இரண்டும் ஓடுவது ஒரே மீட்டர்கேஜில்.