தினமும் அதே பை

19-ம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க வீட்டு நாய்க்குத் தனிச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. மேசையில் மிஞ்சிய ரொட்டி, கசாப்புக் கடைக்காரர் ஒதுக்கிய எலும்பு, ஆறிய கஞ்சி, தானே பிடித்த எலி. சத்துக்குறைவு உண்டு, வயிற்றுப் புழுவும் உண்டு. ஆனால் நேற்றுத் தின்றது கெட்டதாக இருந்தால் இன்று வேறு ஏதாவது கிடைக்கும். கெட்டது பெரும்பாலும் மூக்குக்கும் தெரிந்துவிடும்.

1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் லண்டனில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கினார். கோதுமை மாவு, காய்கறி, மாட்டிறைச்சி கலந்தது. அந்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதை அவர் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தார். 1922-ல் இலினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் கென்-எல் ரேஷன் டப்பா உணவு வந்தது. மோட்டார் வண்டிகள் பெருகி வேலையிழந்த குதிரைகளின் இறைச்சிதான் உள்ளே. அதை யாரும் மறைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வர, டப்பாவின் இடத்தை உலர் உணவு பிடித்தது. 1957-ல் பியூரினா நிறுவனம் மாவை அழுத்தி வேகவைத்துப் பொரிய வைக்கும் இயந்திரத்தில் டாக் சௌ என்ற உலர் உணவைத் தயாரித்தது. பையைத் திறந்து தட்டில் கொட்டினால் வேலை முடிந்தது.

சுத்தம், சத்து, வசதி எல்லாம் கூடின. கூடவே இன்னொன்றும் மாறியது. பலவற்றைத் தின்ற பிராணி, மாதக்கணக்கில் ஒன்றையே தின்னத் தொடங்கியது. ஆலையில் நேரும் ஒரு பிழை இப்போது ஒருவேளைச் சாப்பாட்டோடு போவதில்லை. அந்தப் பை தீரும்வரை, காலையும் மாலையும் உடம்பில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

2007 மார்ச் 16 அன்று கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் திரும்பப் பெறத் தொடங்கிய நாய், பூனை உணவு டப்பாக்களும் பொட்டலங்களும் ஆறு கோடியைத் தாண்டின. பிராணிகள் நோயுறுவதாகப் பிப்ரவரியிலேயே புகார்கள் வந்திருந்தன. நிறுவனம் நடத்திய சுவைச் சோதனையிலேயே பிராணிகள் செத்தன. மக்களை அதிர வைத்தது பிராண்டுகளின் பட்டியல். ஒரே மடப்பள்ளியிலிருந்து ஏழைப் பந்திக்கும் பணக்காரப் பந்திக்கும் பரிமாறியதுபோல, மலிவான கடைச் சரக்கும் விலை உயர்ந்த ஐயாம்ஸும் அதே ஆலைகளில் தயாராகியிருந்தன.

குழம்பைக் கெட்டியாக்கச் சேர்த்த கோதுமைப் புரதமான குளூட்டனை விற்றது லாஸ் வேகஸ் நிறுவனம் ஒன்று. அது வாங்கியது சீனாவின் ஷூஜோ நகரிலிருந்து. வந்த சரக்கில் இருந்தது கோதுமை மாவும் மெலமைனும். பிளாஸ்டிக் தட்டுகள் செய்யும் பொருளை உணவில் கலப்பானேன்? விலையை நிர்ணயிப்பது புரதம். அந்தப் புரதத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. கோபன்ஹேகனில் பீர் தானியத்துக்காக யோஹான் கெல்டால் 1883-ல் வெளியிட்ட முறைப்படி நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்குவார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கொஞ்சம் தூவினால் போதும், வெறும் மாவு காகிதத்தில் புரதமாகிவிடும். அதனுடன் சயனூரிக் அமிலமும் சேர்ந்தபோது சிறுநீரகத்தில் படிகங்கள் உருவாகின. செத்த பூனை, நாய்களுக்கு உறுதியான கணக்கு கிடையாது. அப்படிச் சாவுகளைத் திரட்டும் மையப் பதிவேடு அமெரிக்காவில் இல்லை.

மறு ஆண்டே சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் அதே மெலமைன் அகப்பட்டது. சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், ஆறு பேர் இறந்தனர். பிராணிகளின் தட்டில் முதலில் தெரிந்ததை உலகம் சரியாகப் படிக்கவில்லை.

அதன்பின் சட்டம் வந்தது. 2011-ல் கையெழுத்தான அமெரிக்க உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டம், சரக்கைத் திரும்பப் பெறும்படி கட்டளையிடும் அதிகாரத்தை உணவு, மருந்து நிர்வாகத்துக்குக் கொடுத்தது. அதுவரை பெரும்பாலும் நிறுவனங்களின் விருப்பத்தை நம்பித்தான் இருந்தார்கள். ஆபத்தை முன்கூட்டியே கணித்துத் தடுக்கும் திட்டம் பிராணி உணவு ஆலைகளுக்கும் வேண்டும் என்ற விதி 2015-ல் வெளியானது.

இருந்தும் 2019-ல் ஹில்ஸ் நிறுவனத்தின் நாய் உணவு டப்பாக்களில் விட்டமின் டி எல்லை மீறியது. ஒரு மாதிரியில் பாதுகாப்பான உச்ச அளவைப்போல் சுமார் 33 மடங்கு. பிழை, வெளியிலிருந்து வந்த விட்டமின் கலவையில். வந்த சரக்கைச் சோதித்து ஏற்கும் தன் நடைமுறையையே நிறுவனம் பின்பற்றவில்லை என்று அரசு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2020 டிசம்பரில் ஸ்போர்ட்மிக்ஸ் உலர் உணவில் அஃப்ளாடாக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. மக்காச்சோளத்தில் பூக்கும் பூஞ்சையின் நஞ்சு அது, ஈரலைத் தாக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் வந்தன.

அப்படியானால் வீட்டிலேயே சமைத்துப் போட்டுவிடலாமா? 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூனைகளின் இதயம் வீங்குவதற்கு டாரின் என்ற சத்தின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றதும் கடைச் சரக்குதான். நிறுவனங்கள் டாரினைக் கூட்டின, அந்த நோய் அரிதாகிவிட்டது. பிழையை லட்சம் வீடுகளுக்குக் கொண்டுபோகும் அதே பைதான் திருத்தத்தையும் கொண்டுபோகிறது. கணக்குத் தெரியாமல் வீட்டில் கிண்டும் உணவில் எது குறைகிறது என்று சொல்ல ஆளில்லை.

ஆகவே பையை வெறுப்பதால் பயனில்லை, படிக்கப் பழக வேண்டும். ‘இன்னாருக்காகத் தயாரிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தால், பையில் பெயருள்ள நிறுவனம் அதை வேறு யாரிடமோ செய்து வாங்கியிருக்கிறது. செய்தது எந்த ஆலை, புரதமும் விட்டமினும் எந்த நாட்டவை, வரும் சரக்கைச் சோதிப்பது யார் என்று கடிதம் எழுதிக் கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தை விட்டுவிடலாம். உலர் உணவை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டுப் பையை எறிகிறவர்கள் லாட் நம்பரையும் சேர்த்து எறிகிறார்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வரும் நாளில் கைவசம் இருக்க வேண்டியது அந்த எண்தான்.