நீந்தத் தெரிந்தால் காணாதா? பிள்ளைக்கு ஏன் ஒரு நீச்சல் அணி?

"நீந்தத் தெரிஞ்சிட்டுதுதானே, காணும். பிறகென்னத்துக்கு ரீம்?"

அக்கா இப்படிக் கேட்டபோது என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அவளுடைய மகளுக்குப் பதின்மூன்று வயது. 2004 டிசம்பர் 26 காலை முல்லைத்தீவுக் கரையில் கடல் ஏறியபோது அக்கா ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பியவள். அதன் பிறகு கணுக்கால் தண்ணீரில்கூட நிற்கமாட்டாள். ஆனாலும், அல்லது அதனால்தானோ என்னவோ, யாழ்ப்பாணத்துக்கு வந்தபின் மகளை நீச்சல் பழக விட்டாள். உயிர் தப்பத் தெரிந்தால் போதும் என்பது அவளுடைய கணக்கு. இப்போது பயிற்றுநர் பிள்ளையை அணியில் சேர்க்கக் கேட்கிறார். வாரத்தில் நான்கு நாள். ரியூசன் இருக்கிறது. பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள், சனம் என்ன கதைக்கும் என்பதும் இருக்கிறது. அதை அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு வாரம் மாலையில் தடாகத்தின் கரையில் போய் இருந்து பார்த்தேன்.

நீச்சல் தனிமையான விளையாட்டு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் கேட்காது. வலைப்பந்தில் போல ஓடும்போதே கதைக்க முடியாது. சுவரைத் தொட்டு நிற்கும் பத்து, பதினைந்து விநாடிகள்தான் பேச்சுக்கும் சிரிப்புக்கும். அணி என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த விநாடிகளும் மூச்சு வாங்குவதிலேயே போய்விடும்.

கயிறு கட்டிப் பிரித்த ஒரு லேனில் ஐந்தாறு பிள்ளைகள் நீந்துகிறார்கள். ஒரு ஓரத்தால் போய் மற்ற ஓரத்தால் திரும்ப வேண்டும். முன்னவர் புறப்பட்டு ஐந்து அல்லது பத்து விநாடி கழித்தே அடுத்தவர் புறப்படலாம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து அவர்களே கணக்கு வைக்கிறார்கள். பின்னால் வருபவர் முன்னவரின் காலைத் தொட்டுவிட்டால், அடுத்த சுவரில் முன்னவர் ஒதுங்கி வழிவிடுவார். இதில் கோபம் கிடையாது. 'நான் இன்று இவளைவிட மெதுவு' என்பதைப் பதின்மூன்று வயதில் அழாமல் ஏற்றுக்கொள்வது சின்ன விசயமில்லை.

இன்னொன்றும் உண்டு. முன்னால் நீந்துபவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதால், நெருங்கி வருபவருக்குத் தண்ணீரின் எதிர்ப்பு குறைகிறது. முதல் ஆளுக்கே பாரம் அதிகம். ஆகவே நல்ல பயிற்றுநர் முதலிடத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பார்.

அஞ்சல் நீச்சல் இதன் உச்சம். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 4×100 மீற்றர் அஞ்சலின் கடைசி ஆளாக அமெரிக்கரான ஜேசன் லெசாக் குதித்தபோது பிரான்ஸ் முன்னால் இருந்தது. அவர் தன் 100 மீற்றரை 46.06 விநாடியில் முடிக்க, அமெரிக்கா 0.08 விநாடியால் வென்றது. அதே தடாகத்தில் சில நாட்களின் பின் தனிப்போட்டியில் அவருடைய நேரம் 47.67. நேர்மையாகச் சொல்வதானால், இந்த வித்தியாசம் முழுவதும் 'அணி உணர்வு' இல்லை. அஞ்சலில் வேட்டுச் சத்தத்துக்குக் காத்திராமல், வரும் தோழரைப் பார்த்தபடியே பாய்ச்சலுக்குத் தயாராகலாம். அதுவே அரை விநாடிக்கு மேல் மிச்சப்படுத்தும். மிகுதிக்குக் காரணம் தோழர்கள்தானா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த விவாதம் தெரியாது. தனிப்போட்டியில் கடைசியாக வந்தவள் அஞ்சலில் மேடையேறும்போது அவள் பெயரைச் சொல்லி மூன்று பேர் கத்துகிறார்கள். அது அவளுக்குத் தெரியும்.

ஆனால் அந்த வாரத்தில் என்னை நிறுத்தியது வேறொன்று. ஒரு நாள் வராமல் விட்ட பிள்ளையிடம் மறுநாள் நான்கு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள்: "நேற்று ஏன் வரேல்லை?" வராதவர்களைத் தேடித் தேடியே வயதுபோன தாய்மார் இருக்கும் ஊர் இது. தான் இல்லாவிட்டால் தேடுவதற்கு வீட்டுக்கு வெளியேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது எவ்வளவு பெரிய விசயம் என்று விளக்கவேண்டியதில்லை. சிரியாவிலிருந்து 2015இல் தப்பி வந்த யுஸ்ரா மர்தினிக்கும் பெர்லினில் ஒரு நீச்சல் கழகம் இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே பத்துப் பேர் கொண்ட அகதிகள் அணியில் அவர் ரியோ ஒலிம்பிக்கில் நீந்தினார்.

அக்காவுக்கு உறைத்தது கடல் பற்றிய கதைதான். தடாகத்தில் நீந்தத் தெரிந்தவர் கடலில் பாதுகாப்பானவர் என்பது பிழை. கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டினால் நல்ல நீச்சற்காரரும் களைத்துப்போவார். இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். அணியில் வளர்ந்த பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீரில் இறங்காத பழக்கம் இருக்கும். பக்கத்தில் இருப்பவரை இடையிடையே திரும்பிப் பார்க்கும் பழக்கமும் இருக்கும். 1971இல் பாக்குநீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனைத் தனி வீரராகவே நினைக்கிறோம். அப்படியான நெடுந்தூர நீச்சலில் பக்கத்தில் படகு போகும், அதில் உணவு கொடுக்கவும் நேரம் பார்க்கவும் ஆட்கள் இருப்பார்கள்.

எல்லா அணியும் நல்லதில்லை. வெல்பவரை மட்டும் பார்க்கும், பிள்ளையின் உடம்பைப் பற்றிக் கேலி பேசும் இடங்களும் உண்டு. பெற்றோர் கரையில் இருந்து பார்க்கக்கூடாது என்றால் நான் சேர்க்கமாட்டேன். பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, உடைமாற்றும் அறைக்குப் பூட்டு இருக்கிறதா, மாதவிலக்கு நாளில் காரணம் கேட்டுத் துருவாமல் விடுவார்களா, முழுக்கை முழுக்கால் நீச்சலுடை அணியலாமா? இவற்றைச் சேர்க்கும் முன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அக்கா சம்மதித்துவிட்டாள், நிபந்தனைகளோடு. கணித ரியூசன் ஒரு நாளும் தவறக்கூடாது. முதல் மாதம் தானும் கரையில் வந்து இருப்பாள், தண்ணீரிலிருந்து தள்ளி, சுவரோரக் கதிரையில். ஏற்றி இறக்குவது சித்தியின் வேலையாம்.