சீனியருக்கு எத்தனை பர்சன்ட்?

எங்க கம்பெனியில மொத்தம் ஒன்பது பேர். போன மாசம் ஒரு சீனியர் இன்ஜினியரை எடுக்க வேண்டி வந்தது. அவருக்கு ஈசாப், அதாவது கம்பெனி பங்கை இன்னைக்கே குறிச்ச விலைக்குப் பின்னாடி வாங்கிக்கிற உரிமை, எவ்வளவு தர்றதுன்னு நானும் பார்ட்னரும் மண்டையை உடைச்சுக்கிட்டோம். "ஒரு பர்சன்ட் போதும்டா, எல்லாரும் அதான் தர்றாங்க"ன்னான் அவன்.

எல்லாரும் தர்றாங்க என்பது கணக்கு இல்லை. அதனால பேப்பர்ல போட்டோம். வெளியே அவருக்கு 40 லட்சம் கிடைக்கும். எங்களால முடிஞ்சது 28. வருஷத்துக்கு 12 லட்சம் இழப்பு, நாலு வருஷத்துக்கு 48 லட்சம். கம்பெனி மதிப்பு 20 கோடி. அப்போ 48 லட்சம் என்பது 2.4%. இது வெறும் ஈடுதான். சம்பளம் கைக்கு வரும், பங்கு காகிதத்துலதான் இருக்கும். அந்த ரிஸ்க்குக்கும் சேர்த்து 3% ஆக்கினோம். ஆனா ஊழியர்களுக்குன்னு நாங்க ஒதுக்கினதே 10%. இப்படி மூணு பேரை எடுத்தா கிட்டத்தட்ட காலி. அதனால அவர்கிட்டயே ரெண்டு வழி வெச்சோம்: 28 லட்சமும் 3%-உம், இல்லைன்னா 34 லட்சமும் 1.5%-உம்.

அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "நான் வேலையை விட்டா, பங்கை வாங்க எத்தனை நாள் டைம்?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. என் முதல் கம்பெனியை விட்டப்போ என்கிட்ட 2,000 ஆப்ஷன் இருந்தது. வாங்குற விலை 10 ரூபாய், அன்னைக்கு மதிப்பு 500. வாங்க 20,000 போதும். ஆனா மீதி 9.8 லட்சம் சம்பள வருமானமாகக் கணக்காகும். பங்கை விற்காமலேயே சுமார் 3 லட்சம் வரி. வாங்க ஆளும் இல்லை. 90 நாள் கெடு. விட்டுட்டேன்.

2021-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானப்போ நிறைய ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனாங்க. அங்கே பங்கை விற்க ஒரு சந்தை வந்தது. எங்களுக்கு அது வருமான்னு சத்தியம் பண்ண முடியாது.

அதனால 90 நாளை 5 வருஷமாக்கினோம். சட்டப்படி முதல் வருஷம் எதுவும் கைக்கு வராது, அடுத்த ரவுண்டில் 20% புதுப் பங்கு போனா 1.5% என்பது 1.2% ஆகும்னும் எழுதியே கொடுத்தோம்.

அவருக்கு வீட்டுக் கடன் இருக்கு. 34 லட்சத்தை எடுத்துக்கிட்டார். பார்ட்னர் சொன்ன ஒண்ணுக்கும் இதுக்கும் அரை பர்சன்ட்தான் வித்தியாசம். ஆனா ஏன் இவ்வளவுன்னு இப்போ எங்க மூணு பேருக்கும் தெரியும்.

உங்க ஆஃபர் லெட்டர்ல பர்சன்ட் மட்டும் இருந்தா, கையெழுத்துக்கு முன்னாடி அந்த நாள் கணக்கைக் கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.