காடுகளுக்கான திறந்த நிலப்படத் தரவு

காடுகளுக்கான திறந்த நிலப்படத் தரவு என்பது, செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவாக்கப்பட்டு, எவரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய காட்டுப்பரப்புத் தகவலாகும். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவியுள்ள சவ்வாது மலையின் காடுகளை இதன் வழியே ஆராயலாம்.

மூலங்கள்

டேராடூனில் 1981-இல் நிறுவப்பட்ட இந்திய வன ஆய்வு நிறுவனம், 1987 முதல் வன நிலை அறிக்கையை வெளியிட்டு வருகிறது. மரக்கவிகை 70 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்ந்த காடு. 40 முதல் 70 வரை நடுத்தர அடர்காடு. 10 முதல் 40 வரை திறந்த காடு. இஸ்ரோவின் புவன் தளம் 2009-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் (30 மீட்டர்) 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் வரை நுணுக்கம் கொண்டவை.

பயன்

கோடையில் காய்ந்த சருகுகளில் பற்றும் தீயைச் செயற்கைக்கோள் உணரிகள் வெப்பத்தைக் கொண்டு கண்டறிகின்றன. இவ்விவரம் வனத்துறைக்கு எச்சரிக்கையாக அனுப்பப்படுகிறது.

வரம்புகள்

ஒரு எக்டேருக்குக் குறையாத மாந்தோப்பும் தென்னந்தோப்பும்கூட இக்கணக்கில் வனப்பரப்பாகவே சேரும். அடர்காட்டினுள் வெட்டப்படும் ஒற்றைச் சந்தன மரம் படத்தில் தெரிவதில்லை. நிலத்தை யார் உழுகிறார் என்பதையும் படம் சொல்லாது. எனவே, சவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் போன்றோர் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலவுரிமை கோரும்போது, செயற்கைக்கோள் படம் துணைச் சான்று மட்டுமே. பிற சான்றுகளுக்கு அது மாற்றாகாது என 2012-இல் திருத்தப்பட்ட விதிகள் கூறுகின்றன. உரிமையைத் தீர்மானிக்கும் பணி கிராம சபையில்தான் தொடங்குகிறது.